ஹாக்கியில் தலைக்காயமும் ஆட்ட ஒழுங்கும்

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹைதராபாத் நகரின் கச்சிபௌலி ஹாக்கி அரங்கில் இந்திய ஹாக்கி வரலாற்றின் புதிய கட்டம் ஒன்று தொடங்கியது. நகரங்களின் பெயர் தாங்கிய அணிகள் மோதும் பிரீமியர் ஹாக்கி லீக் அந்த ஆண்டில்தான் முதன்முறையாக நடைபெற்றது. முதல் பருவம் ஹைதராபாத்திலேயே நடத்தப்பட்டது. ஹைதராபாத் சுல்தான்ஸ் அணி முதல் பட்டத்தை வென்றது. வழக்கமான இரு பாதிகளுக்குப் பதிலாக, பதினேழரை நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டம் பிரிக்கப்பட்டது. தொலைக்காட்சிக்கும் விளம்பரத்திற்கும் இடம் தரும் இந்த ஏற்பாடு அப்போது பலருக்கு வியப்பளித்தது. 2014ஆம் ஆண்டில் சர்வதேச ஹாக்கியும், பதினைந்து நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக ஆட்டத்தை மாற்றிக்கொண்டது.

அந்த லீக் 2008ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும், ஹாக்கி ஒரு வாழ்க்கைத் தொழிலாக அமையக்கூடும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அத்துடன் ஒரு கேள்வியும் எழுகிறது. ஆட்டம் தொழிலாகும்போது ஆட்டக்காரரின் உடல் அவருடைய மூலதனம் ஆகிறது. அம்மூலதனத்தில் ஈடுசெய்ய முடியாத பகுதி மூளை. அதனைக் காக்கும் பொறுப்பு யாருடையது? ஆபத்தாக மட்டை வீசுபவரைத் தண்டித்தால் போதுமா, அதற்கு மேலும் ஏதேனும் வேண்டுமா? இக்கட்டுரை இதனை ஆராய்கிறது.

தொழிலாக மாறிய ஆட்டம்

நம் நாட்டில் ஹாக்கி நெடுங்காலமாகவே பிழைப்புக்கான ஒரு வழியாக இருந்து வந்துள்ளது. இரயில்வே, இராணுவம், காவல்துறை, பொதுத்துறை நிறுவனங்கள் ஆகியவை சிறந்த ஆட்டக்காரர்களுக்கு வேலை அளித்தன. சிற்றூர்களிலும் மலைப் பகுதிகளிலும் பிறந்த பலருக்கு மட்டைதான் மாதச் சம்பளத்திற்கு வழிகாட்டியது. தமிழ்நாட்டில் கோவில்பட்டி, ஒடிசாவில் சுந்தர்கட் மாவட்டம் ஆகியவை இதற்குச் சான்று. ஹைதராபாத்தைச் சேர்ந்த முகேஷ் குமார் 1992, 1996, 2000 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியாவுக்காக ஆடியவர். அவரைப் பார்த்து மட்டை எடுத்த சிறுவர்கள் பலர்.

லீக் முறை இந்தப் பிழைப்பின் அளவை மாற்றியது. 2013 முதல் 2017 வரை நடைபெற்ற ஹாக்கி இந்தியா லீக், ஏழாண்டு இடைவெளிக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. அதற்கான ஏலம் 2024 அக்டோபரில் நடந்தது. இந்திய அணித் தலைவர் ஹர்மன்பிரீத் சிங் 78 இலட்சம் ரூபாய்க்கு ஏலம் போனார். ஜெர்மனிக்காக ஆடும் கொன்சாலோ பெய்யாட் என்பவரை 68 இலட்சம் ரூபாய்க்கு ஹைதராபாத் தூஃபான்ஸ் அணி வாங்கியது. ஒடிசாவைச் சேர்ந்த அமித் ரோகிதாஸ் 48 இலட்சம் ரூபாய்க்குத் தமிழ்நாடு டிராகன்ஸ் அணிக்குச் சென்றார். 2025 பிப்ரவரியில் நடந்த இறுதியாட்டத்தில் ஹைதராபாத் அணி 3-4 என்ற கணக்கில் வங்காள அணியிடம் தோற்று இரண்டாம் இடம் பெற்றது. பெய்யாட், ரோகிதாஸ் ஆகிய இரு பெயர்களையும் வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். ஹாக்கியில் தலைக்கு நேரும் ஆபத்தின் இரு முனைகளில் இவ்விருவரும் நிற்கின்றனர்.

ஆபத்தின் அளவு

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை இருக்கலாம் என்பது விதி. கிரிக்கெட் பந்தின் எடையும் ஏறத்தாழ இதுவே. கிரிக்கெட்டில் மட்டையாளர் இன்று தலைக்கவசமின்றி வேகப்பந்தை எதிர்கொள்வதில்லை. ஹாக்கியிலோ கோல்காப்பாளர் ஒருவரே தலைக்கவசம் அணிகிறார். மற்றப் பத்துப் பேரும் வெறுந்தலையுடன் ஆடுகின்றனர். அவர்கள் கையிலுள்ள மட்டை 737 கிராம் வரை எடை கொண்டிருக்கலாம்.

1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை புகுந்தது. புல்தரையில் தடுமாறி ஓடிய பந்து, செயற்கைத் தரையில் தங்குதடையின்றிப் பாய்ந்தது. ஆட்டத்தின் வேகம் உயர்ந்தது. அதனுடன் ஆபத்தும் உயர்ந்தது.

இந்த ஆபத்து உச்ச நிலையை அடையும் இடம் பெனால்ட்டி கார்னர். தாக்கும் அணி களத்தின் பின்கோட்டிலிருந்து பந்தை வெளியே தள்ளுகிறது. கோலிலிருந்து ஏறத்தாழ பதினைந்து மீட்டர் தொலைவில் அது நிறுத்தப்பட்டு, மீண்டும் கோலை நோக்கி அனுப்பப்படுகிறது. தடுக்கும் அணியில் கோல்காப்பாளர் உட்பட ஐவர் மட்டுமே கோல் கோட்டில் நிற்கலாம். அவர்களுள் ஒருவர், பந்து நகர்ந்தவுடன் அடிப்பவரை நோக்கி நேராக ஓடுகிறார். இவரை முதல் ஓட்டக்காரர் என்பர்.

விதிகள் இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைச் செய்துள்ளன. கோலை நோக்கிய முதல் முயற்சி மட்டையை ஓங்கி அடிப்பதாக இருந்தால், பந்து கோல் கோட்டைக் கடக்கும்போது 460 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது கோலின் அடிப்பலகையின் உயரத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் மட்டையால் பந்தை இழுத்து வீசும் முறைக்கு இந்த உயர வரம்பு இல்லை. அது ஆபத்தாக இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. ஆபத்தைக் குறைக்க அடிக்கு வரம்பு விதித்ததும், திறமை மிக்க ஆட்டக்காரர்கள் வரம்பில்லாத வழியை நாடினர். ‘டிராக் பிளிக்’ என்னும் கலை இவ்வாறு வளர்ந்தது. பாகிஸ்தானின் சொகைல் அப்பாஸ் முதல் பெய்யாட், ஹர்மன்பிரீத் வரை பலர் இக்கலையால் புகழ் பெற்றனர். ஒரு பொருளின் மீது வரி விதித்தால் நுகர்வு வரியில்லாத பொருளின் பக்கம் திரும்புவதைப் பொருளியல் மாணவர் அறிவர். இங்கு நிகழ்ந்ததும் அதுவே.

சிறந்த ஆட்டக்காரர் இவ்வாறு வீசும் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கடக்கும். அந்த வேகத்தில் பதினைந்து மீட்டரைக் கடக்கப் பந்துக்கு அரை நொடிக்குச் சற்றே அதிகமான நேரம் போதும். முதல் ஓட்டக்காரரோ எதிர்த்து ஓடி வருகிறார். இடைவெளி ஐந்து மீட்டராகச் சுருங்கும்போது அவருக்குக் கிடைப்பது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கண் கண்டதை உடல் உணர்ந்து அசைவதற்கே அவ்வளவு நேரமாகிவிடும். அமித் ரோகிதாஸ் இந்திய அணியில் பல ஆண்டுகளாகச் செய்து வந்த பணி இதுவே.

விதிகள் வகுக்கும் காப்பு

ஹாக்கி விதிகளின் சிறப்பு, அவை பெரும்பாலும் ஆட்டக்காரரின் உள்நோக்கத்தை ஆராயாமல் செயலின் ஆபத்தையே அளவுகோலாகக் கொண்டிருப்பதாகும். ஆபத்தான முறையில் பந்தை ஆடக் கூடாது. எதிராளி தன்னைக் காத்துக்கொள்ள விலக வேண்டிய நிலையை உண்டாக்கும் பந்து ஆபத்தானது எனக் கொள்ளப்படும். ஐந்து மீட்டருக்குள் நிற்கும் எதிராளியை நோக்கிப் பந்தைத் தூக்கி வீசுவது ஆபத்தாகவே கருதப்படும். மேலிருந்து இறங்கும் பந்தை ஒருவர் வாங்கும்போது, எதிராளி ஐந்து மீட்டர் விலகி நிற்க வேண்டும். மட்டையை மற்றவர் தலைக்கு மேல் வீசக் கூடாது.

கடமை தாக்குபவருக்கு மட்டும் உரியதன்று. பந்தை மட்டையால் ஆட முயலாமல், உடலையே தடுப்பாக்கி வீச்சுக்குள் ஓடும் தடுப்பாட்டக்காரரும் ஆபத்தான ஆட்டத்திற்காகத் தண்டிக்கப்படலாம். பெனால்ட்டி கார்னரின்போது தடுப்பவர்கள் முகக்கவசம் அணிய அனுமதி உண்டு. ஆனால் அக்கவசம் தரும் பாதுகாப்பைப் பயன்படுத்திக்கொண்டு பிறருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது என்றும் விதி எச்சரிக்கிறது. பாதுகாப்புச் சாதனம் கிடைத்தவுடன் மனிதர் துணிச்சலைக் கூட்டிக்கொள்வர் என்பதை, 1975ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொருளியலறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டங்களை ஆராய்ந்து விவாதித்தார். அதே இயல்பை ஹாக்கி விதி வகுத்தவர்களும் உணர்ந்துள்ளனர்.

மீறுவோருக்கு மூன்று நிற அட்டைகள் உள்ளன. தொலைவிலிருந்தும் புரியும்படி அவற்றின் வடிவங்களும் வேறுபடுகின்றன. முக்கோண வடிவப் பச்சை அட்டை பெற்றவர் இரண்டு நிமிடம் வெளியே இருக்க வேண்டும். சதுர வடிவ மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது ஐந்து நிமிடம். வட்ட வடிவச் சிவப்பு அட்டை பெற்றவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது. வெளியேற்றப்பட்டவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்க முடியாததால் அணி முழுவதும் தண்டனையை அனுபவிக்கிறது.

பாரிஸ் தந்த பாடம்

2024 ஆகஸ்டு 4ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக் கால் இறுதியில் இந்தியாவும் பிரிட்டனும் மோதின. ஆட்டத்தின் 17ஆவது நிமிடத்தில் பந்துடன் சென்றுகொண்டிருந்த அமித் ரோகிதாஸின் மட்டை, பிரிட்டன் ஆட்டக்காரர் வில் கால்னனின் தலைப்பகுதியில் பட்டது. வீடியோ நடுவர் காட்சியை ஆராய்ந்த பின் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. எஞ்சிய 43 நிமிடங்களையும் இந்தியா பத்துப் பேருடன் ஆடியது. ஹர்மன்பிரீத் சிங் கோல் அடித்தார். பிரிட்டன் சமன் செய்தது. ஆட்டம் 1-1 என முடிந்து, ஷூட்-அவுட்டில் இந்தியா 4-2 என வென்றது. கோல்காப்பாளர் பி.ஆர். ஸ்ரீஜேஷின் ஆட்டம் அன்று நாடெங்கும் பாராட்டப்பட்டது.

தண்டனை அத்துடன் முடியவில்லை. ரோகிதாஸுக்கு ஓர் ஆட்டத்தில் பங்கேற்கத் தடை விதிக்கப்பட்டது. இந்தியாவின் மேல்முறையீடு ஏற்கப்படவில்லை. ஆகஸ்டு 6ஆம் நாள் அரை இறுதியில் ஜெர்மனியிடம் இந்தியா 2-3 எனத் தோற்றது. ஜெர்மனியின் முதல் கோலைப் பெனால்ட்டி கார்னரிலிருந்து அடித்தவர் கொன்சாலோ பெய்யாட். அவரை எதிர்த்து ஓடும் பணியில் பழகிய ரோகிதாஸ் அன்று களத்தில் இல்லை. தோல்விக்கு இதுவே காரணம் எனக் கூறுவது பொருந்தாது. ஆயினும் ஒரு நொடி வீச்சின் விலை எவ்வளவு தூரம் நீளக்கூடும் என்பதை இது காட்டுகிறது. ஆகஸ்டு 8ஆம் நாள் ஸ்பெயினை 2-1 என வென்று இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது.

அந்தச் சிவப்பு அட்டை பற்றிக் கருத்து வேறுபாடு மிகுதி. மட்டை வேண்டுமென்றே வீசப்படவில்லை என்பது இந்தியத் தரப்பின் வாதம். நடுவர் முறையில் ஒருமைப்பாடு இல்லை என்று ஹாக்கி இந்தியா அமைப்பு முறையிட்டது. இவ்வாதத்தில் நியாயம் இருக்கலாம். தண்டனையின் அளவு நோக்கத்தைப் பொறுத்து மாறுவது முறையே. ஆனால் விவாதம் முழுவதும் அடித்தவரின் மனத்தைச் சுற்றியே நடந்ததைக் கவனிக்க வேண்டும். அடிபட்ட தலைக்கு, அடி வேண்டுமென்றே விழுந்ததா, தவறி விழுந்ததா என்ற வேறுபாடு கிடையாது.

தண்டனையின் பொருளியல்

1968ஆம் ஆண்டில் பொருளியலறிஞர் கேரி பெக்கர் குற்றமும் தண்டனையும் குறித்து எழுதிய ஆய்வு இத்துறையில் அடிப்படையானது. குற்றம் செய்ய எண்ணுபவர், அகப்படும் வாய்ப்பையும் தண்டனையின் கடுமையையும் சேர்த்தே எடை போடுகிறார் என்பது அதன் சாரம். விளையாட்டுக் களம் இக்கருத்தைச் சோதிக்க ஏற்ற இடமாக அமைந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டப் போட்டி ஒன்றில் நடுவர்களின் எண்ணிக்கை இரண்டிலிருந்து மூன்றாக உயர்த்தப்பட்டபோது விதிமீறல்கள் 34 சதவீதம் குறைந்தன என்று மெக்கார்மிக், டாலிசன் ஆகிய இருவரும் 1984ஆம் ஆண்டில் கண்டனர். கண்காணிப்பு மிகுந்தால் ஒழுங்கும் மிகும் என்பதற்கு இது சான்று.

ஆனால் வட அமெரிக்காவின் பனித்தரை ஹாக்கி வேறு விடை தந்தது. அது நம் ஹாக்கியிலிருந்து முற்றிலும் மாறுபட்டது. உடலால் மோதித் தள்ளுவது அங்கு விதிக்குட்பட்ட செயல். அதன் தேசிய லீக்கில் 1998-99 பருவத்தில் சில ஆட்டங்களை ஒரு தலைமை நடுவரும் சில ஆட்டங்களை இருவரும் நடத்தினர். இதை ஆராய்ந்த பொருளியலறிஞர்கள், கூடுதல் நடுவரால் அதிகக் குற்றங்கள் பிடிபட்டன, ஆனால் குற்றம் செய்வது குறையவில்லை என்ற முடிவுக்கு வந்தனர். கணக்கிட்டுச் செய்யும் மீறலைக் கண்காணிப்பு தடுக்கும். சினத்தின் உச்சத்தில் நிகழும் மோதலை அவ்வளவு எளிதில் தடுக்காது என்று இதற்கு விளக்கம் கூறலாம்.

அந்த லீக்கின் வரலாறு தாமதத்தின் விலையையும் கூறுகிறது. 1968 ஜனவரியில் பில் மாஸ்டர்டன் என்ற ஆட்டக்காரர் களத்தில் விழுந்து தலையில் அடிபட்டு உயிரிழந்தார். புதிதாகச் சேரும் ஆட்டக்காரர் தலைக்கவசம் அணிவது கட்டாயமானது 1979ஆம் ஆண்டில்தான். தலையைக் குறிவைத்துப் பக்கவாட்டிலிருந்து மோதுவதைத் தடுக்கும் தனி விதி 2010-11 பருவத்தில் வந்தது. ஆட்டக்காரர் பாதுகாப்புக்கெனத் தனித் துறை 2011ஆம் ஆண்டில் ஏற்பட்டது. தடை பெற்ற ஆட்டக்காரர் அந்நாட்களுக்குரிய ஊதியத்தை இழக்கிறார்; அத்தொகை இடருற்ற ஆட்டக்காரர்களுக்கு உதவும் நிதிக்குச் செல்கிறது. இந்த ஏற்பாடு நம் லீக் நடத்துவோரின் கவனத்துக்கு உரியது.

தண்டனை எட்டாத இடம்

2019 நவம்பரில் இலண்டனில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் பிரிட்டன் அணி மலேசியாவுடன் ஆடியது. பிரிட்டனின் சாம் வார்டு என்பவரின் முகத்தில் பந்து தாக்கி எலும்புகள் முறிந்தன. இடக்கண்ணின் பார்வை பெரும்பாலும் பறிபோனது. பந்தை அடித்தவர் எதிராளியல்லர். கோலை நோக்கி அடித்த சொந்த அணித் தோழர். தண்டிக்கத்தக்கவர் எவருமில்லை. அட்டைகளையும் தடைகளையும் எவ்வளவு கடுமையாக்கினாலும் இவ்வகைக் காயத்தை அவை தொடுவதில்லை. ஆட்ட ஒழுங்கைத் தண்டனையாக மட்டும் காண்பவர் இந்தப் பெரும்பகுதியைத் தவறவிடுகிறார்.

இதைவிட மறைவான ஆபத்து ஒன்றுண்டு. அதுவே மூளை அதிர்ச்சி. தலையிலோ உடலின் வேறு பகுதியிலோ விழும் அடியால் மூளை குலுங்கி, அதன் இயக்கம் தற்காலிகமாகக் குழம்புவதை மருத்துவர் இவ்வாறு குறிப்பிடுகின்றனர். பெரும்பாலோர் இதில் நினைவிழப்பதில்லை. தலைவலி, தலைசுற்றல், வாந்தி, பார்வை மங்கல், வெளிச்சம் தாங்காமை, ஆட்டத்தின் நிலவரம் நினைவுக்கு வராமை, வழக்கத்திற்கு மாறான எரிச்சல் ஆகியவை அடையாளங்கள். எலும்பு முறிவைப் போல இது படத்தில் தெரிவதில்லை. இந்நிலையில் மீண்டும் அடிபட்டால் குணமடையும் காலம் நீளும். அரிதாக, இளையோரிடத்தில் உயிருக்கே ஆபத்தான மூளை வீக்கம் நேரலாம்.

ஹாக்கியில் இரத்தம் கசியும் ஆட்டக்காரர் களத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது, நடுவர் செயற்படுகிறார். மூளை அதிர்ச்சியோ ஆட்டக்காரர் தாமே சொன்னாலன்றி வெளிப்படுவதில்லை. அவர் சொல்லுவாரா என்பதுதான் சிக்கல். தேர்வாளர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கிறார். வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீடு இந்தப் போட்டியின் சான்றிதழைப் பொறுத்திருக்கிறது. வீட்டில் தங்கையின் படிப்புச் செலவு காத்திருக்கிறது. இந்நிலையில் பத்தொன்பது வயது இளைஞர் ‘தலை சுற்றுகிறது’ என்று கூறுவதைவிட ‘ஒன்றுமில்லை’ என்று கூறுவதே இயல்பு. உண்மையைச் சொன்னால் உடனடி இழப்பு. மறைத்தால் வரும் இழப்பு பின்னால், அதுவும் நிச்சயமற்றது. மறைப்பது அறியாமையின் விளைவு மட்டுமன்று. நாம் அமைத்துள்ள முறை அவரிடமிருந்து பெறும் விடை அது.

நம் பாராட்டு முறையும் இதற்குத் துணை செய்கிறது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஜெர்மானிய கோல்காப்பாளருடன் மோதிப் பல் உடைந்த பின்னும் தியான் சந்த் களத்துக்குத் திரும்பினார் என்ற செய்தி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் தாடை முறிந்த பிரிட்டன் மகளிர் அணித் தலைவி கேட் வால்ஷ், அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாட்களில் திரும்பி வந்து வெண்கலம் வென்றதும் அவ்வாறே போற்றப்பட்டது. பல்லும் தாடையும் காட்டும் வீரத்தை மூளையிடம் எதிர்பார்க்கக் கூடாது. அடிபட்டும் ஆடுவது வீரம் என்று சிறுவருக்குக் கூறும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துக் கூற வேண்டும்.

எளிதில் கைக்கொள்ளக்கூடிய வழிகள்

இவ்வகையில் ஹாக்கிக்கு ஒரு பெரும் வசதி உண்டு. கால்பந்தில் மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சிக்கு மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்கும் சர்வதேச விதி 2019ஆம் ஆண்டில்தான் வந்தது. ஹாக்கியிலோ ஆட்டக்காரரை எத்தனை முறையும் வெளியே எடுக்கலாம், மீண்டும் இறக்கலாம். பெனால்ட்டி கார்னர் நேரம் மட்டும் விலக்கு. எனவே ஐயத்திற்குரிய ஆட்டக்காரரை வெளியேற்றுவதால் அணிக்கு ஆள் குறைவதில்லை. பாதுகாப்பின் விலை இவ்வளவு குறைவாக உள்ள ஆட்டங்கள் சிலவே. வேண்டியது, வெளியே எடுக்கும் முடிவை ஆட்டக்காரரிடம் விடாமல் இருப்பது.

2022ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய சர்வதேச மருத்துவ மாநாடு இதற்கான நெறிகளைத் தொகுத்தது. ஐயம் எழுந்தவுடன் ஆட்டக்காரரை வெளியேற்ற வேண்டும்; மூளை அதிர்ச்சி என்று தெரிந்தால் அன்றே மீண்டும் ஆட விடக் கூடாது. ஓரிரு நாள் ஓரளவு ஓய்வுக்குப் பின், எளிய நடை முதல் முழு ஆட்டம் வரை ஆறு படிகளாகத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் தேவை. மற்றவருடன் மோதக்கூடிய பயிற்சிக்கு முன் மருத்துவரின் இசைவு வேண்டும். மாணவர் முதலில் முழு நேரமும் வகுப்புக்குத் திரும்பிய பிறகே முழு ஆட்டத்திற்குத் திரும்பலாம். மருத்துவரல்லாதவரும் அடையாளங்களைக் கண்டறிய உதவும் எளிய பட்டியல் ஒன்றும் வெளியிடப்பட்டுள்ளது. அதைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒடியாவிலும் அச்சிட்டு ஒவ்வொரு பயிற்சியாளரிடமும் தருவதற்குப் பெரும் நிதி தேவையில்லை.

ஹைதராபாத்தை அடுத்த ஹக்கீம்பேட்டை மாநில விளையாட்டுப் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகள் இதற்கு நல்ல தொடக்க இடமாகலாம். அங்கு மாணவர் தங்கிப் பயில்வதால், தொடர்ந்து கவனிக்க முடியும். தலையில் அடிபட்ட நாள், அடையாளங்கள், ஆட்டத்துக்குத் திரும்பிய நாள் ஆகிய மூன்றை மட்டும் குறிக்கும் பதிவேடு ஒன்று போதும். கோவில்பட்டி போன்ற ஊர்களின் பள்ளிகளிலும் கழகங்களிலும் இதைப் பின்பற்றலாம். பெனால்ட்டி கார்னர் பயிற்சியின்போது தடுப்பவர் அனைவருக்கும் முகக்கவசம் வழங்குவதும் கட்டாயமாக்கத்தக்கது. போட்டி நாளைவிடப் பயிற்சி நாட்களே மிகுதி. ஒரே நாளில் பல முறை வீசப்படும் பந்தை எதிர்த்து ஓடுவதும் பயிற்சியில்தான்.

அடுத்தது, உண்மை சொன்னவர் இழப்படையாமல் பார்த்துக்கொள்வது. தலைக்காயத்தால் தேர்வுப் போட்டியில் ஆட இயலாதவருக்கு மறு வாய்ப்பு அளிக்கும் விதி, தேர்வாளரின் கருணையாக அன்றி எழுத்து வடிவில் இருக்க வேண்டும். லீக் ஒப்பந்தங்களில், மருத்துவர் தடுத்த நாட்களுக்கும் ஊதியம் உண்டு என்ற உறுதி வேண்டும். இன்னலுற்ற விளையாட்டு வீரர்களுக்கு உதவ மத்திய அரசு 1982ஆம் ஆண்டிலேயே தேசிய நல நிதியை ஏற்படுத்தியது. பயிற்சியிலும் போட்டியிலும் நேரும் காயங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. ஆபத்தான ஆட்டத்திற்கு லீக்குகள் விதிக்கும் அபராதத் தொகையை இத்தகைய நிதியில் சேர்த்தால், தண்டனையும் காப்பும் ஒரே வழியில் இணையும். 2025ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு ஆளுமைச் சட்டம், விளையாட்டுத் தகராறுகளுக்குத் தீர்ப்பாயமும், அமைப்புகளில் ஆட்டக்காரர் குழுக்களும் ஏற்பட வழி செய்துள்ளது. அக்குழுக்கள் முதலில் எடுத்துக்கொள்ளத்தக்க பொருள்களுள் இதுவும் ஒன்றாகும்.

முடிவாக

ஆபத்தான வீச்சுக்குத் தண்டனை தேவையே. அது உறுதியாகவும் உடனடியாகவும் எல்லோருக்கும் ஒரே அளவிலும் இருக்க வேண்டும். ஆனால் தண்டனை, அடி விழுந்த பின் வருவது. அதுவும் குற்றவாளி ஒருவர் இருந்தால் மட்டுமே வருவது. தலையைக் காப்பது அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஏற்பாடுகளே. முன்னால் நிற்பவை விதியும் கவசமும் நல்ல பயிற்சியும். பின்னால் நிற்பது, அடிபட்டவர் அஞ்சாமல் உண்மை கூறக்கூடிய சூழ்நிலை.

கச்சிபௌலியில் தொடங்கிய முயற்சி, ஹாக்கியை ஒரு தொழிலாக்கலாம் என்று காட்டியது. ஆலையிலும் சுரங்கத்திலும் தொழிலாளரின் பாதுகாப்புக்குச் சட்டம் வகுத்த நாடு நம்முடையது. களத்தில் உழைப்பவரும் தொழிலாளரே. முப்பது வயதுக்குச் சற்றுப் பின் அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்துவிடும். அதன்பின் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் அவர் அதே தலையுடன்தான் பிழைக்க வேண்டும். அந்த நாட்களையும் கணக்கில் சேர்ப்பதே ஆட்ட ஒழுங்கின் முழுப் பொருளாகும்.